தண்ணிக்கு அடியில ஒரு கேன்யன்: லேக் பவலின் கதை

எபிசோடுக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. வண்டி ஓட்டிக்கிட்டே கேக்குறவங்க இதை அப்புறம் செய்யுங்க. மத்தவங்க போன்ல "லேக் பவல்"னு தேடி, வர்ற முதல் போட்டோவைப் பாருங்க. கீழே நீலத் தண்ணி, மேலே ஆரஞ்சு கலர் பாறை. ரெண்டுக்கும் நடுவுல, யாரோ சுண்ணாம்பு அடிச்ச மாதிரி, ஒரு வெள்ளைப் பட்டை தெரியுதா?

உப்புத்தண்ணி வர்ற வீட்ல பிளாஸ்டிக் பக்கெட்டோட உள்பக்கம் ஒரு வெள்ளைக் கோடு படியும், எவ்வளவு தேய்ச்சாலும் போகாது. இதுவும் அதே சமாச்சாரம்தான். தண்ணி ஒரு காலத்துல அந்த உயரம் வரைக்கும் நின்னுச்சு, இறங்கிப் போகும்போது உப்பைப் பாறையில விட்டுட்டுப் போயிருக்கு. ஆனா இங்க அந்தக் கோட்டோட உயரம் பத்துப் பன்னிரண்டு மாடி.

போன அக்டோபர்ல அக்கா, மாமாவோட நானும் அங்க போயிருந்தேன். அவங்க அரிசோனாவுல ஃபீனிக்ஸ் நகரத்துல இருக்காங்க. அங்கிருந்து வடக்கே நாலரை மணி நேரம் கார்ல போனா பேஜ்னு ஒரு சின்ன ஊர். அங்க ஒரு அணை, அணைக்குப் பின்னாடி ஏரி, ஏரியைச் சுத்தி க்ளென் கேன்யன் தேசியப் பொழுதுபோக்குப் பகுதி. கயாக் எடுத்துக்கிட்டுப் போகலாம், வீடு மாதிரியே இருக்கிற ஹவுஸ்போட்ல ஒரு வாரம் தங்கலாம், மீன் பிடிக்கலாம், பாறை இடுக்குக்குள்ள நடந்து போகலாம். நாங்க கயாக் எடுத்தோம். துடுப்பு போட்டுக்கிட்டே அந்த வெள்ளைப் பட்டையை அண்ணாந்து பாத்த அக்கா கேட்டாங்க: "ஏன்டா, மேலே இவ்வளவு இருக்கே... நமக்குக் கீழே எவ்வளவு இருக்கும்?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடினதுதான் இந்த எபிசோட்.

கேன்யன்னா என்னன்னு ஒரு வரியில சொல்லிடுறேன். ஒரு ஆறு லட்சக்கணக்கான வருஷமா பாறையை அறுத்து அறுத்து உண்டாக்கின செங்குத்தான பள்ளம். இங்க அறுத்தது கொலராடோ ஆறு. கொலராடோன்னா ஸ்பானிஷ்ல சிவப்பு நிறம் கொண்டதுன்னு அர்த்தம். வண்டல் கலந்து செக்கச்செவேல்னு ஓடின ஆறு அது. இன்னைக்கு அணைக்குக் கீழே போய்ப் பாத்தீங்கன்னா பச்சையா, கண்ணாடி மாதிரி, ஐஸ் மாதிரி ஓடுது. வண்டல் எல்லாம் ஏரிக்குள்ளேயே தங்கிடுது, அணையோட ஆழத்துல இருந்து குளிர்ந்த தண்ணி மட்டும் வெளியே வருது. பேர் மட்டும் இன்னும் கொலராடோ.

இந்த ஏரிக்கு வெச்சிருக்கிற பேர் இன்னும் சுவாரசியம். ஜான் வெஸ்லி பவல், அமெரிக்க உள்நாட்டுப் போர்ல வலது கையை இழந்த ராணுவ மேஜர். 1869 மே மாசம் பத்துப் பேர், நாலு படகோட வயோமிங்ல கிளம்பி, அதுவரைக்கும் சரியான வரைபடமே இல்லாத இந்த ஆத்துல இறங்கினார். வழியில ஒரு படகு போச்சு, சாப்பாடு போச்சு, நாலு பேர் வெவ்வேற இடத்துல பிரிஞ்சு போனாங்க. ஆகஸ்ட் கடைசியில வெளியே வந்து சேர்ந்தது ஆறு பேர். சுழலும் பாறையுமா உயிரை எடுத்த அந்தப் பயணத்துல, நடுவுல கொஞ்ச தூரம் மட்டும் ஆறு திடீர்னு அமைதியாச்சு. ரெண்டு பக்கமும் வழவழப்பான மணற்பாறைச் சுவர், பக்கத்துப் பள்ளங்கள்ல மரங்கள், பாசி, ஊற்று. அந்த இடத்துக்குத்தான் பவல் க்ளென் கேன்யன்னு பேர் வெச்சார். குரல் எதிரொலிச்ச ஒரு பெரிய பாறை அரங்குக்கு ம்யூசிக் டெம்பிள்னு பேர் வெச்சார். குழுவுல இருந்த மூணு பேர் அங்க பாறையில தங்களோட பேரைச் செதுக்கினாங்க. கொஞ்ச நாள்ல அந்த மூணு பேருமே குழுவை விட்டுப் பிரிஞ்சு போய் கொல்லப்பட்டாங்க.

பவல் அத்தோட நிக்கல. மேற்கு அமெரிக்காவுல எவ்வளவு தண்ணி இருக்கு, எவ்வளவு நிலத்துக்குப் பாயும்னு பல வருஷம் கணக்குப் போட்டார். 1893-ல லாஸ் ஏஞ்சலஸ்ல நீர்ப்பாசன மாநாடு. வந்தவங்க எல்லாரும் பாலைவனத்தைப் பச்சையாக்கப் போறோம்னு கனவுல இருந்தாங்க. பவல் மேடை ஏறி, நீங்க நினைக்கிற நிலத்துக்கெல்லாம் போதுமான தண்ணி இங்க கிடையாதுன்னு சொன்னார். கூட்டம் கூச்சல் போட்டு அவரை அவமானப்படுத்துச்சு. தண்ணி போதாதுன்னு எச்சரிச்ச மனுஷனோட பேரைத்தான், பாலைவனத்துக்கு நடுவுல வெயில்ல ஆவியாகிக்கிட்டு இருக்கிற ஒரு ராட்சத நீர்த்தேக்கத்துக்கு வெச்சிருக்காங்க. இதைவிடக் கிண்டலா பேர் வைக்க முடியாது.

சரி, அணை எதுக்கு வந்துச்சு? அதுக்கு 1922-க்குப் போகணும். அந்த நவம்பர்ல நியூ மெக்சிகோவோட சாண்டா ஃபே பக்கத்துல ஒரு விடுதியில ஏழு மாநிலப் பிரதிநிதிகள் கூடி ஆத்தைப் பங்கு பிரிச்சாங்க. மேல் பகுதி மாநிலங்களுக்குப் பாதி, கீழ் பகுதி மாநிலங்களுக்குப் பாதி. அவங்க கணக்கு ஏக்கர்-அடியில இருக்கும், நான் நமக்குப் பழகின டிஎம்சியில சொல்றேன். ஆளுக்கு சுமார் 327 டிஎம்சி. அப்புறம் 1944-ல மெக்சிகோவுக்கு சுமார் 65 டிஎம்சி தர ஒப்பந்தம். எல்லாம் சேர்த்தா கிட்டத்தட்ட 720. பிரச்சனை என்னன்னா, அவங்க அடிப்படையா எடுத்துக்கிட்ட வருஷங்கள் வழக்கத்தைவிட நல்லா மழையும் பனியும் இருந்த வருஷங்கள். 2000-க்கு அப்புறம் இந்த ஆத்துல சராசரியா வந்தது சுமார் 540 டிஎம்சிதான். இல்லாத தண்ணியைப் பங்கு போட்டு, கையெழுத்தும் போட்டாச்சு.

அந்த அறையில யார் இல்லைங்கிறதும் முக்கியம். நவஹோ உட்பட, அந்த ஆத்தங்கரையில தலைமுறை தலைமுறையா வாழ்ந்த எந்தப் பழங்குடியையும் கூப்பிடல. பழங்குடி மக்கள் எல்லாரையும் அமெரிக்கக் குடிமக்கள்னு ஏத்துக்கிட்ட சட்டமே 1924-லதான் வந்துச்சு.

மேல் பகுதி மாநிலங்களுக்கு ஒரு பயம் இருந்துச்சு. வறட்சி வந்தாலும் கீழே இருக்கிறவங்களுக்கான தண்ணியை விட்டே ஆகணும். அதனால நல்ல வருஷத்துல சேர்த்து வெச்சுக்கிற மாதிரி ஒரு வங்கிக் கணக்கு வேணும். அந்த வங்கிக் கணக்குதான் லேக் பவல். நிரம்பினா நம்ம மேட்டூர் அணை மாதிரி சுமார் பன்னிரண்டு கொள்ளும்.

இந்த எபிசோடுல என்னை ரொம்பத் தொந்தரவு பண்ணின பகுதி இனிமேதான்.

1950-கள்ல அரசாங்கம் போட்ட திட்டத்துல க்ளென் கேன்யன் மட்டும் இல்ல. வடக்கே டைனோசர் தேசிய நினைவுச் சின்னத்துக்குள்ள எக்கோ பார்க்னு ஒரு இடத்துலயும் அணை கட்டுறதா இருந்துச்சு. பாதுகாக்கப்பட்ட இடத்துக்குள்ளயே அணையான்னு இயற்கை ஆர்வலர்கள் கொதிச்சாங்க. சியரா க்ளப்போட டேவிட் ப்ரோவர் அந்தப் போராட்டத்துக்கு முகமா இருந்தார். 1954-ல நாடாளுமன்றக் குழு முன்னாடி போய், அரசாங்கப் பொறியாளர்கள் போட்ட நீராவி இழப்புக் கணக்கு தப்புன்னு, பள்ளிக்கூடத்துல படிச்ச கணக்கை வெச்சே நிரூபிச்சார். சினிமாவுல வர்ற மாதிரி சீன். ஆனா அதே வாதத்துல அவர் இன்னொண்ணும் சொன்னார்: எக்கோ பார்க் அணை வேண்டாம், அதுக்குப் பதிலா க்ளென் கேன்யன் அணையை இன்னும் உயரமா கட்டினாலே போதும்.

1956 ஏப்ரல்ல சட்டம் நிறைவேறுச்சு. எக்கோ பார்க் தப்பிச்சுது. அன்னைக்கு அது பெரிய வெற்றி. ப்ரோவர் க்ளென் கேன்யனைப் பார்த்தது அதுக்கப்புறம்தான். படகுல போனார், பக்கத்துப் பள்ளங்களுக்குள்ள நடந்தார், எதை விட்டுக் கொடுத்தோம்னு புரிஞ்சுது. அதுக்குள்ள கான்கிரீட் ஏறிக்கிட்டு இருந்துச்சு. சாகுற வரைக்கும் அந்த வருத்தம் அவருக்குப் போகல. 1963-ல எலியட் போர்ட்டர் எடுத்த போட்டோக்களோட சியரா க்ளப் ஒரு புத்தகம் போட்டுச்சு. 'யாரும் அறியாத இடம்'னு அர்த்தம் வர்ற தலைப்பு. அந்தத் தலைப்போட எனக்குக் கொஞ்சம் சண்டை இருக்கு. யாரும் அறியாத இடம்னா யாருக்கு? நவஹோ மக்களுக்கும் பையூட் மக்களுக்கும் அந்த இடம் தெரியும். அணைக்கு முன்னாடி தொல்லியல் ஆட்கள் அவசர அவசரமா நடத்தின ஆய்வுல 2,000-க்கும் மேற்பட்ட பழைய வாழ்விடங்களும் தடங்களும் பதிவாச்சு. தானியக் கிடங்கு, பாறை ஓவியம், பாறையில வெட்டின படி, எல்லாம். 1776-ல டொமிங்கெஸ், எஸ்கலான்டேன்னு ரெண்டு ஸ்பானிஷ் பாதிரிமார்கள் ஆத்தைக் கடக்குறதுக்காக வெட்டின படிகளும் அங்கதான் இருந்துச்சு. தெரியாதது வாஷிங்டனுக்கும் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும்தான்.

வேலை வேகமா நடந்துச்சு. 1956 அக்டோபர்ல ஐசன்ஹோவர் வெள்ளை மாளிகையில உட்கார்ந்து ஒரு தந்திச் சாவியைத் தட்ட, இங்க முதல் வெடி வெடிச்சுது. தொழிலாளர்களுக்காக 1957-ல முளைச்ச முகாம்தான் நாங்க தங்கின பேஜ். அந்த மேடு நவஹோ நிலம், யூட்டாவுல வேற நிலம் கொடுத்து மாத்திக்கிட்டாங்க. 710 அடி உயர அணை. 1963 மார்ச் 13-ம் தேதி ஆத்தை மறிச்சாங்க. ஏரி முழுசா நிரம்ப 1980 ஆச்சு. 17 வருஷம். ஒரே நாள்ல வெள்ளம் வந்து மூழ்கடிக்கல, வருஷா வருஷம் ஒரு பாறை, ஒரு குகை, ஒரு அருவினு மெதுவா உள்ளே போச்சு.

ரெயின்போ பிரிட்ஜ்னு ஒரு இடம். கிட்டத்தட்ட 290 அடி உயரத்துக்கு இயற்கையாவே வளைஞ்சு நிக்கிற கல் பாலம். நவஹோ மக்களுக்குப் புனிதமான இடம். 1910-லயே தேசிய நினைவுச் சின்னம். 1956 சட்டத்துலயே, நினைவுச் சின்னங்களுக்குள்ள நீர்த்தேக்கம் வரக்கூடாதுன்னு தெளிவா எழுதியிருந்துச்சு. ஆனா தண்ணி சட்டம் படிக்கல. ஏரி அந்தப் பாலத்துக்குக் கீழே வரைக்கும் வந்துச்சு. வழக்கு போட்டாங்க, 1973-ல மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏரி நிரம்பலாம்னு சொல்லிடுச்சு. நவஹோ மக்கள் எங்க வழிபாடு பாதிக்குதுன்னு தனியா போட்ட வழக்கு 1980-ல தோத்துச்சு. முன்னே பல நாள் நடந்து போய்ப் பாக்குற இடத்துக்கு இப்போ சுற்றுலாப் படகு போகுது. அணையைக் கட்டின துறையோட தலைவர் ஃப்ளாய்ட் டொமினி, எல்லாரும் பாக்க முடியற மாதிரி பண்ணிட்டேன்னு இதைத்தான் பெருமையா சொல்லுவார். 1965-ல ஏரியைப் புகழ்ந்து அவரே ஒரு புத்தகமும் போட்டார். சும்மா சொல்லக்கூடாது, கயாக்ல உட்கார்ந்திருந்த எனக்கு அவர் வாதம் ஒரு நிமிஷம் நியாயமாவே பட்டுச்சு. அணை இல்லைன்னா நான் அங்க வந்திருக்கவே மாட்டேன். ஆனா யாரோட கோயிலுக்கு யார் படகு விடுறதுங்கிற கேள்விக்கு அந்த வாதத்துல பதில் கிடையாது.

எதிர்ப்பு அடங்கல. 1981 மார்ச்ல எர்த் ஃபர்ஸ்ட் குழு ஆட்கள் அணை மேல ஏறி, 300 அடி நீளக் கறுப்பு பிளாஸ்டிக் ஷீட்டை உருட்டி விட்டாங்க. தூரத்துல இருந்து பாத்தா அணையில விரிசல் விழுந்த மாதிரி இருக்கும். அது கேலி. ஆனா ரெண்டே வருஷத்துல நிஜமாவே பயம் வந்துச்சு. 1983-ல பனி எக்கச்சக்கமா உருகி ஏரி பொங்கி வர, உபரி நீர் போற சுரங்கங்களைத் திறந்தாங்க. தண்ணியோட வேகம் கான்கிரீட்டைப் பிச்சு எடுத்து, பாறையில சுமார் 32 அடி ஆழத்துக்குப் பள்ளம் பறிச்சுது. மூடவும் முடியல, முழுசா திறக்கவும் முடியல. ஏரி வழிஞ்சிடாம இருக்க என்ன பண்ணினாங்க தெரியுமா? மதகுக் கதவுகளுக்கு மேல நாலடி உயரத்துக்கு ப்ளைவுட் பலகை அடிச்சாங்க. ஆமா, நம்ம வீட்டுக் கப்போர்டு செய்வோமே, அதே ப்ளைவுட். அப்புறம் எட்டடி இரும்புப் பலகையா மாத்தினாங்க. ஜூலை 14-ல நீர்மட்டம் உச்சத்தைத் தொட்டு இறங்க ஆரம்பிச்சுது. தப்பிச்சாங்க.

அதுக்கப்புறம் வந்தது நேர் எதிர். 2000-ல இருந்து நீண்ட வறட்சி. கடல் மட்டத்துல இருந்து 3,700 அடியில இருக்க வேண்டிய ஏரி, 2023 தொடக்கத்துல 3,520 அடி பக்கம் வந்து நின்னுச்சு. இன்னும் 30 அடி இறங்கினா மின்சாரம் எடுக்க முடியாது. படகை இறக்குற சாய்தளங்கள் பல, தண்ணியைத் தொடாம அந்தரத்துல முடிஞ்சு போச்சு. அந்த வருஷம் நல்ல பனி பெஞ்சு கொஞ்சம் ஏறுச்சு, ஆனா ஏரி நிரம்பல.

தண்ணி இறங்க இறங்க, மூழ்கினது எல்லாம் வெளியே வர ஆரம்பிச்சுது. கதீட்ரல் இன் தி டெசர்ட்னு ஒரு பிரம்மாண்டப் பாறைக் கூடம், அதுக்குள்ள ஒரு மெல்லிய அருவி. 2005-ல அது திரும்பத் தலை காட்டுச்சு, சமீப வருஷங்கள்ல மறுபடியும். பக்கத்துப் பள்ளங்கள்ல காட்டன்வுட் மரமும் வில்லோவும் முளைக்குது. மேல் பக்கம், காட்டராக்ட் கேன்யன்ல, ஏரிக்குள்ள செத்துப் போயிருந்த நீர்ச்சுழல்கள் திரும்ப உயிர் பெற்று, ராஃப்டிங் போறவங்க ஓடுறாங்க. எல்லாம் அழகில்லை. ஆறு கொண்டு வந்து கொட்டின சேறு பல மாடி உயரத்துக்கு நிக்குது. அதுக்கு உள்ளூர்க்காரங்க டொமினி பாறைப் படிவம்னு கிண்டலா பேர் வெச்சிருக்காங்க.

ஏரியை வடிச்சுடுங்கன்னு சில அமைப்புகள் கேக்குது. எனக்கு அதுல முழு உடன்பாடு இல்லை. கொலராடோவை நம்பி சுமார் 4 கோடிப் பேர் இருக்காங்க, அந்த அணையோட மின்சாரத்தை வாங்குறதுல பழங்குடிகளும் சின்ன ஊர்களும் உண்டு. ஆனா நவஹோ நிலத்துல இன்னைக்கும் பல வீடுகளுக்குக் குழாய்த் தண்ணி கிடையாது, லாரியில, பிக்கப்ல போய்ப் பிடிச்சுட்டு வர்றாங்க. எங்களுக்கு எவ்வளவு தண்ணி வேணும்னு கணக்கெடுத்து வாங்கித் தர அரசாங்கத்துக்குக் கடமை இருக்குன்னு அவங்க போட்ட வழக்கை 2023 ஜூன்ல உச்ச நீதிமன்றம் 5-4னு தள்ளிடுச்சு. அந்த வீடுகளுக்குப் பக்கத்துலயே மாமா வாடகைப் படகுக்கு கார்டைத் தேய்க்கிறார். 2007-ல போட்ட பகிர்வு விதிகளோட காலம் 2026-ல முடியுது. ஏரியில தண்ணி எவ்வளவு நிக்கணும், யார் விட்டுக் கொடுக்கணும்னு மறுபடியும் பேச்சு. இந்தத் தடவை பழங்குடிகளும் பேசுறாங்க. ஆனா கடைசி முடிவு எடுக்குற மேசையில அவங்களுக்கு ஏழு மாநிலங்களுக்குச் சமமான நாற்காலி இன்னும் கிடைக்கல.

அக்கா கேட்ட கேள்விக்கு வர்றேன். நாங்க இருந்த இடத்துல கீழே எவ்வளவுன்னு நான் அளக்கல. அணைக்குப் பக்கத்துல, ஏரி நிரம்பினப்போ, ஆத்தோட பழைய தரை 500 அடிக்கும் மேல ஆழத்துல இருந்துச்சு.

போறவங்களுக்குச் சில விஷயம். போட்டோவுல எல்லாரும் போடுற ஆன்டிலோப் கேன்யன் நவஹோ பழங்குடிப் பூங்கா. நவஹோ வழிகாட்டி இல்லாம உள்ளே விட மாட்டாங்க, அதுக்குக் காரணம் இருக்கு. 1997 ஆகஸ்ட் 12-ல பல மைல் தள்ளிப் பெய்த மழை அந்த இடுக்குக்குள்ள சுவர் மாதிரி வந்து 11 சுற்றுலாப் பயணிகளைக் கொன்னுச்சு. மேலே வானம் தெளிவா இருக்குங்கிறதை நம்பாதீங்க, வழிகாட்டி "கிளம்பு"ன்னா செல்ஃபியை முடிக்காம கிளம்புங்க. அந்த கேன்யனோட வாய்ப் பக்கம் ஏரி வழியா கயாக்ல போறது வேற பாதை. கிளம்புற அன்னைக்குக் காலையில எந்தச் சாய்தளம் திறந்திருக்குன்னு பூங்கா அறிவிப்பைப் பாருங்க, நீர்மட்டத்தோட அது மாறும். காத்து மத்தியானத்துக்கு மேல ஏறும், விடியக்காலையில தண்ணியில இறங்குங்க. கரையோரச் சேறு காய்ஞ்ச மாதிரி தெரியும், கால் வெச்சா முழங்கால் வரைக்கும் போகும். மாமா செருப்பு ஒண்ணு இன்னும் அங்கதான் இருக்கு. திரும்பும்போது படகுல ஒரு சொட்டுத் தண்ணி விடாம வடிச்சுக் காய வெக்கணும், க்வாகா மஸல்னு ஒரு சிப்பி இந்த ஏரியில பரவிடுச்சு, அது அடுத்த ஏரிக்கு உங்க படகுலதான் போகும். பாறை ஓவியம் கண்ணுல பட்டா தொடாதீங்க, லொகேஷன் டேக் போடாதீங்க.

அடுத்த எபிசோட் ரெண்டு வாரம் கழிச்சு. கேள்வி இருந்தா வழக்கம்போல வாய்ஸ் நோட் அனுப்புங்க. பார்க்கலாம்.